மாடி போர்ஷன் காலி: போர்டா, புரோக்கரா, வாட்ஸ்அப்பா, இணையதளமா?

கிருஷ்ணகிரியிலோ தர்மபுரியிலோ ஒரு போர்ஷன் காலியானால் ஆள் பிடிக்க நான்கு வழி இருக்கிறது. கேட்டில் டு-லெட் போர்டு மாட்டலாம். புரோக்கரிடம் சொல்லி வைக்கலாம். ஊர் வாட்ஸ்அப், ஃபேஸ்புக் குழுக்களில் போடலாம். 99ஏக்கர்ஸ், மேஜிக்பிரிக்ஸ், ஹவுசிங், நோபுரோக்கர் போன்ற தளங்களில் பதியலாம். பேப்பர் வரி விளம்பரத்தை நான் கணக்கில் சேர்க்கவில்லை. கடை, குடோன் என்றால் இன்னும் பயன்படலாம். எட்டாயிரம் ரூபாய் வாடகை வீட்டுக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது.

இந்த நான்கில் எது என்று வரும்போது வீட்டுக்காரர்கள் முதலில் கேட்பது, "எதுல போன் நெறைய வரும்?" என்பதுதான். எனக்கு இது தப்பான கேள்வியாகத் தோன்றுகிறது. நாற்பது போன் வந்து, பதினைந்து பேர் படியேறிப் பார்த்துவிட்டு, "வீட்ல கேட்டுட்டுச் சொல்றேங்க" என்று பதினைந்து பேரும் இறங்கிப் போனால் அதில் என்ன லாபம்? வந்து பார்ப்பவர்களில் எத்தனை பேர் அட்வான்ஸ் கொடுக்கத் தயாராக வருகிறார்கள் என்பதை வைத்துத்தான் ஒரு விளம்பரத்தை எடை போட வேண்டும்.

அப்படிப் பார்த்தால் இந்த நான்கு வழிக்கும் நடுவே ஒரு வித்தியாசம் தெளிவாகத் தெரியும். விளம்பரத்தைப் படிக்கிறவர் உங்கள் வீட்டிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருந்து படிக்கிறார்? கேட்டுக்கு எதிரே பைக்கை நிறுத்தி போர்டைப் படிப்பவருக்குத் தெரு தெரியும், சாக்கடை தெரியும், பக்கத்து லேத் பட்டறைச் சத்தமும் காதில் விழும். நீங்கள் எதையும் மறைக்க முடியாது. சென்னையிலோ ஒடிசாவிலோ உட்கார்ந்து செல்போனில் பார்ப்பவருக்கு நீங்கள் எழுதியதைத் தவிர வேறு எதுவும் தெரியாது. தூரம் கூடக் கூட எழுத்தில் விவரமும் உண்மையும் கூட வேண்டும். நடைமுறையில் நடப்பது நேர் எதிர். தூரத்தில் இருப்பவர் எங்கே வந்து பார்க்கப் போகிறார் என்று அங்கேதான் அதிகமாக அளந்து விடுகிறோம்.

முதலில் மாதத்தைப் பாருங்கள்

எந்த வழி என்பது எந்த மாதம் வீடு காலியாகிறது என்பதையும் பொறுத்தது. மே, ஜூனில் பள்ளி திறப்பு, டிரான்ஸ்பர் எல்லாம் சேர்ந்து வரும். அப்போது போர்டு மாட்டினாலே போதும், குடும்பங்கள் தெருத்தெருவாகத் தேடிக்கொண்டுதான் இருக்கும். ஆனி முடிவதற்குள் ஆள் வரவில்லை என்றால் ஆடி பிறந்துவிடும். ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரை பால் காய்ச்சிக் குடிபோக நம் ஊர்க் குடும்பங்கள் தயங்கும். மார்கழியிலும் இதே கதைதான்.

ஆனால் குருபரப்பள்ளி, போச்சம்பள்ளி, பர்கூர் சிப்காட் தொழிற்பேட்டைகளுக்கு வேலைக்கு வருகிற பையன்களுக்கோ, வெளிமாநிலத்துக்காரர்களுக்கோ ஆடி ஒரு தடையே இல்லை. பழையபேட்டைப் பக்கம் வீடு தேடும் முஸ்லிம் குடும்பங்களுக்கும் இல்லை. ஆக, வைகாசியில் போர்டு போதும். ஆடியில் அதே போர்டை நம்பி உட்கார்ந்திருந்தால் வீடு சும்மா கிடக்கும். அந்த மாதங்களில் இணையதளத்தையோ புரோக்கரையோ நாடுவதில் அர்த்தம் இருக்கிறது.

சும்மா கிடப்பதற்கு விலை இருக்கிறது. 8,500 ரூபாய் போகிற வீட்டுக்கு 9,000 கேட்டு ஒரு மாதம் பூட்டி வைத்தீர்கள் என்று வையுங்கள். ஆள் கிடைத்த பிறகு வருஷத்துக்குக் கூடுதலாக வருவது 6,000. இழந்தது 8,500. இந்தக் கணக்கைப் போடாமலே "ஐநூறு ரூபாயை ஏன் விடணும்" என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் நம் தெருவுக்கு இரண்டு பேர் இருப்பார்கள்.

போர்டு

செலவு மிகக் குறைவு. ஏ4 தாளில் அச்சடித்து பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துக் கட்டினாலும் சரி, ஒரு சின்ன ஃப்ளெக்ஸ் அடித்தாலும் சரி. இதில் வருகிறவர்கள் ஏற்கெனவே அந்த ஏரியாவை விரும்புகிறவர்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் பக்கத்தில் இருக்கும், அல்லது அக்கா வீடு பக்கத்துத் தெருவில் இருக்கும். பத்து பேர் கூப்பிட்டால் நான்கைந்து பேராவது நிஜமாகவே வீடு தேவைப்படுபவர்கள்.

போர்டில் எல்லோரும் விடுகிற ஒரு குறை, வாடகையை எழுதாதது. "வீடு வாடகைக்கு, தொடர்புக்கு" என்று நம்பர் மட்டும் இருக்கும். வாடகை எவ்வளவு என்று கேட்கவே பாதி போன் வரும். "2 பெட்ரூம், முதல் மாடி, வாடகை 8,500, அட்வான்ஸ் 3 மாதம்" என்று எழுதுங்கள். அக்கம்பக்கத்துக்குத் தெரிந்துவிடும் என்று தயங்க வேண்டாம், அவர்களுக்கு எப்படியும் தெரியும். ஓசூர் என்றால் ஆங்கிலத்திலும் ஒரு வரி எழுதிவிடுங்கள். அங்கே தேடுகிறவர் தெலுங்கு, கன்னடம், ஹிந்தி எதுவும் பேசலாம். தமிழ் பேசினாலும் படிக்கத் தெரியாதவர்கள் உண்டு.

போர்டின் பலவீனம், அந்தத் தெருவுக்கு வராதவருக்கு அது தெரியாது. மெயின் ரோட்டிலிருந்து மூன்று திருப்பம் உள்ளே இருக்கும் வீட்டுக்குப் போர்டு மட்டும் போதாது. இன்னொன்று, வீட்டில் வயதான அம்மா மட்டும் தனியாக இருக்கிறார் என்றால் போர்டில் உங்கள் நம்பரைப் போடுங்கள், அவருடையது வேண்டாம். "மாடி காலி" என்பதை ஊருக்கே அறிவிக்கும்போது கதவைத் திறப்பவர் யார் என்பதையும் யோசிக்க வேண்டும்.

புரோக்கர்

வழக்கமான கமிஷன் ஒரு மாத வாடகை. சிலர் பேசினால் அரை மாதத்துக்கு வருவார்கள், பலர் இரண்டு பக்கமும் வாங்குவார்கள். நல்ல புரோக்கர் கிடைத்தால் அது வீண் செலவு இல்லை. வெளியூரில் இருந்துகொண்டு வீட்டை வாடகைக்கு விடுகிறவருக்கு, சாவியை வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வெயிலில் ஆள் கூட்டி வந்து காட்டுகிற வேலையை யாரோ ஒருவர் செய்துதானே ஆக வேண்டும்?

பிரச்சினை, உங்கள் வீட்டைப் பற்றி என்ன சொல்லப்படுகிறது என்பது உங்கள் கையில் இருக்காது. நீங்கள் "கோடையில தண்ணி கொஞ்சம் கஷ்டம்தான் அண்ணா, சொல்லிடுங்க" என்று சொல்வீர்கள். அவர் வருகிறவரிடம், "தண்ணி பிரச்சினையே இல்லீங்க சார், ஓனர் தங்கமான ஆளு" என்பார். ஏப்ரலில் குழாய் வறண்டதும் குடியிருப்பவர் வந்து நிற்பது உங்கள் வாசலில், புரோக்கர் வாசலில் இல்லை. கமிஷன் குடியேறிய அன்றே கைமாறிவிட்டது.

இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. வீட்டு விவரத்தை நீங்களே எழுதி, புரோக்கருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, "இதை அப்படியே ஃபார்வர்டு பண்ணுங்க அண்ணா" என்று சொல்லிவிடுங்கள். வந்து பார்ப்பவர்களிடம், "நான் அனுப்புன மெசேஜ் பாத்தீங்களா?" என்று முதல் கேள்வியாகக் கேளுங்கள். பார்க்கவில்லை என்றால் அங்கேயே காட்டுங்கள். இரண்டு பேரிடம் இப்படிச் செய்தாலே புரோக்கருக்குப் புரிந்துவிடும்.

வாட்ஸ்அப், ஃபேஸ்புக் குழு

காசு இல்லை, வேகம் அதிகம். ஆஸ்பத்திரி ஊழியர்கள், ஆசிரியர்கள், ஒரே கம்பெனிக்காரர்கள் என்று தொழில்வாரியாக இருக்கும் குழுக்கள்தான் இதில் நன்றாக வேலை செய்கின்றன. போடுகிறவரை நாலு பேருக்குத் தெரியும் என்பதால் யாரும் அளவுக்கு மீறி அளப்பதில்லை. "கிருஷ்ணகிரி வாங்க விற்க" மாதிரி திறந்த குழுக்களில் உங்கள் வீடு, செகண்ட் ஹேண்ட் பைக்குக்கும் நாட்டுக்கோழிக்கும் நடுவே ஒருநாள் இருந்துவிட்டு அடியில் போய்விடும்.

ஃபார்வர்டு ஆகும்போது தேதி தொலைந்துபோகும். ஆகவே மெசேஜிலேயே "மே 20 அன்று போட்டது, ஜூன் 1 முதல் காலி" என்று எழுதுங்கள். இல்லாவிட்டால் தீபாவளிக்குக்கூட ஒருவர் கூப்பிட்டு "வீடு இருக்குங்களா?" என்பார்.

இணையதளங்கள்

இவை பெருநகரங்களை மனதில் வைத்து வளர்ந்தவை. 99ஏக்கர்ஸ் 2005-லும் மேஜிக்பிரிக்ஸ் 2006-லும் வந்தன. நோபுரோக்கர் 2014-ல் பெங்களூரில் தொடங்கியது. எனவே பெங்களூருக்கு 40 கிலோமீட்டரில் இருக்கும் ஓசூரில் இவற்றைப் பார்த்து வீடு தேடுவது சகஜம். பாகலூர் சாலையிலோ மூக்கண்டப்பள்ளியிலோ அபார்ட்மென்ட் வைத்திருப்பவர் இங்கே போடாமல் இருந்தால்தான் ஆச்சரியம். கிருஷ்ணகிரி, தர்மபுரி நகரங்களில் அந்த அளவுக்கு நடமாட்டம் இல்லை. ஆனால் வெளியூரிலிருந்து வேலைக்கு வருபவர், போலுப்பள்ளியில் இருக்கும் மருத்துவக் கல்லூரியில் சேர வருகிற டாக்டர், பேங்க் டிரான்ஸ்பரில் வருகிறவர் முதலில் பார்ப்பது இதைத்தான். அவர்களுக்கு இங்கே தெரிந்தவர் யாரும் இருக்க மாட்டார்கள்.

இங்கே வரும் தொந்தரவுகளையும் சொல்லிவிட வேண்டும். போட்ட அரை மணி நேரத்தில் புரோக்கர்களும், பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ்காரர்களும், "பிரீமியம் பிளான் எடுத்தா மேல காட்டுவோம் சார்" என்கிறவர்களும் கூப்பிடுவார்கள். முடிந்தால் இதற்கென்று ஒரு தனி சிம் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், "நான் பட்டாளத்தில் இருக்கிறேன், கிருஷ்ணகிரிக்கு போஸ்டிங் வந்திருக்கிறது, வீட்டைப் பார்க்கவே வேண்டாம், அட்வான்ஸ் இப்பவே அனுப்புகிறேன், இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணுங்க" என்று ஒருவர் பேசினால் போனை வையுங்கள். பணம் வாங்குவதற்கு ஸ்கேன் செய்யவோ யூபிஐ பின் நம்பர் போடவோ தேவையே இல்லை. பின் போட்டால் பணம் உங்கள் கணக்கிலிருந்து போகிறது என்று அர்த்தம். ஏமாந்துவிட்டால் உடனே 1930-க்குக் கூப்பிடுங்கள், எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு நல்லது. இதே மோசடி தலைகீழாகவும் நடக்கிறது. யாரோ வீட்டுப் படத்தைத் திருடிப் போட்டு, "சாவி கூரியரில் வரும், டோக்கன் அட்வான்ஸ் போடுங்கள்" என்பார்கள். அதனால்தான் உஷாரான வாடகைதாரர் உங்களையும் சந்தேகத்தோடுதான் அணுகுவார். விவரமான, குறைகளையும் சொல்கிற விளம்பரம்தான் அந்தச் சந்தேகத்தைப் போக்கும். திருடிப் போடுகிறவனுக்கு உங்கள் வீட்டுப் படிக்கட்டில் எத்தனை படி என்று தெரியாது.

என்ன எழுதுவது என்பதில்தான் வித்தியாசம்

வழி எதுவானாலும் எழுத்து ஒன்றுதான். நம் ஊரில் வழக்கமாக வருகிற விளம்பரம் இப்படி இருக்கும்:

"2பிஎச்கே சூப்பர் வீடு. 24 மணி நேரமும் தண்ணீர். பஸ் ஸ்டாண்ட் மிக அருகில். அமைதியான இடம். நல்ல காற்றோட்டம். 600 சதுர அடி. வாடகை நேரில்."

அதே வீட்டுக்கு நான் எழுதினால் இப்படி எழுதுவேன் (வீடு கற்பனைதான், ஆனால் இந்த மாதிரி வீடுகள் ராயக்கோட்டை சாலைப் பக்கம் எத்தனையோ):

"கிருஷ்ணகிரி ராயக்கோட்டை சாலையிலிருந்து 400 மீட்டர் உள்ளே. முதல் மாடி, அதற்கு மேல் மொட்டை மாடி. ஏப்ரல், மே மதியங்களில் வெக்கை இருக்கும். படி வெளிப்பக்கம், 19 படி. ஹால் 10×14, பெட்ரூம் 10×11, 10×9, சமையலறை 8×7. உள்ளளவு சுமார் 450 சதுர அடி. ஒரு பாத்ரூம், இந்தியன் டாய்லெட். போர் தண்ணீர், உப்பு. குடிக்க ஒகேனக்கல் தண்ணீர் கீழ்க் குழாயில், ஒருநாள் விட்டு ஒருநாள். கோடையில் லோடு தண்ணீர் வாங்க நேர்ந்தால் செலவில் பாதி உங்களுடையது. தனி ஈபி மீட்டர், பில் நீங்களே கட்டலாம். இரண்டு பைக் உள்ளே நிறுத்தலாம், கார் தெருவில். நாங்கள் கீழே குடியிருக்கிறோம். இரவு 10:30-க்கு கேட் பூட்டுவோம், உங்களுக்கும் ஒரு சாவி உண்டு. 5 பேர் வரை. அசைவம் சமைக்கலாம், நாய் வேண்டாம். வாடகை 8,500, தண்ணீருக்கு 200, அட்வான்ஸ் 25,500. ஜூன் 1 முதல். ஞாயிறு காலை 9 முதல் 12 வரை பார்க்கலாம்."

முதலாவதற்கு மூன்று மடங்கு போன் வரும், சந்தேகமே இல்லை. இரண்டாவதற்குக் கூப்பிடுகிறவர் ஏற்கெனவே உப்புத் தண்ணீருக்கும் 19 படிக்கும் மனசைத் தயார் செய்துகொண்டு கூப்பிடுகிறார். மூட்டுவலி அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்து, கீழேயே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிற குடும்பம் வராது. உங்கள் ஞாயிற்றுக்கிழமையும் மிச்சம்.

இதில் நான் அதிகம் வலியுறுத்துவது தண்ணீர் வரியை. இந்த இரண்டு மாவட்டத்திலும் வீடு தேடுகிறவர், வாடகையைக் கேட்ட கையோடு தண்ணீரைக் கேட்பார். நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. ஜப்பான் கடனுதவியில் கட்டி 2013-ல் தொடங்கி வைத்தார்கள். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளோரைடு உள்ள தண்ணீரை வருஷக்கணக்கில் குடித்தால் குழந்தைகளுக்குப் பல்லில் கறை, பெரியவர்களுக்கு எலும்பு, மூட்டுப் பாதிப்பு வரை போகும். காய்ச்சினால் அது போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும். எனவே "24 மணி நேரமும் தண்ணீர்" என்று ஒரே வரியில் போர் தண்ணீரையும் குடிதண்ணீரையும் சேர்த்துக் குழப்பி எழுதுவது வெறும் மிகைப்படுத்தல் இல்லை. கைக்குழந்தை உள்ள குடும்பம் அந்த வரியை நம்பி வந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

எழுத வேண்டியது நான்கு விஷயம்: புழங்க எந்தத் தண்ணீர், குடிக்க எந்தத் தண்ணீர், எத்தனை நாளுக்கு ஒருமுறை, வறட்சியில் செலவு யாருடையது. உப்பு எவ்வளவு என்று வார்த்தையில் சொல்வதைவிட, பாத்ரூம் குழாயின் வாயைக் கிட்டத்தில் ஒரு படம் எடுத்துப் போடுங்கள். ஓரத்தில் வெள்ளையாகக் காரை கட்டியிருந்தால் அது தெரியட்டும். கீசர் காயில் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை போகும் என்பதை அந்தப் படத்தைப் பார்த்தே அனுபவசாலி சொல்லிவிடுவார்.

படம் பற்றிச் சொல்லும்போது இன்னொன்று. செல்போனில் 0.5 லென்ஸை வைத்து மூலையில் நின்று எடுத்தால் பத்துக்குப் பத்து ரூம் கல்யாண மண்டபம் மாதிரி தெரியும். வந்து பார்ப்பவர் வாசற்படியிலேயே "இவ்வளவுதானா?" என்று முகம் சுருங்குவதற்கு இந்த லென்ஸ்தான் காரணம். சாதாரண லென்ஸில், இடுப்பு உயரத்தில், வாசலில் நின்று எடுங்கள். கூடவே அளவை அடியில் எழுதுங்கள். பெயின்ட் அடித்த புதிதில் எடுத்த படத்தை மூன்று வருஷம் கழித்துப் போடக் கூடாது. மழைக்கு ஒழுகின கறை சீலிங்கில் இருந்தால், சரி செய்தாயிற்றா இல்லையா என்று ஒரு வரி போதும். படிக்கட்டு, பாத்ரூம், தெரு, தண்ணீர்த் தொட்டி, இந்த நான்கும் படத்தில் இல்லாத விளம்பரத்தை நான் வாடகைக்குத் தேடினால் தாண்டிப் போய்விடுவேன்.

சதுர அடியில் நடக்கிற விளையாட்டு எல்லோருக்கும் தெரிந்ததுதான். சுவர், படி, பால்கனி எல்லாவற்றையும் சேர்த்த அளவைச் சொல்வார்கள். வீடு கட்டும்போது கொத்தனாரிடம் பேசிய ஆறு சதுரம் என்கிற கணக்கு, வாடகை விளம்பரத்தில் அறுநூறு சதுர அடியாக உட்கார்ந்துகொள்ளும். வாடகைதாரருக்குத் தேவை கட்டில் போட்டால் பீரோ கதவு திறக்குமா என்பதுதான். உள்ளளவைச் சொல்லுங்கள்.

தூரத்தை நிமிஷத்தில் எழுதாதீர்கள். கிருஷ்ணகிரியில் சென்னை, பெங்களூர், சேலம் நெடுஞ்சாலைகள் சேர்கின்றன. ரோட்டுக்கு அந்தப் பக்கம் தெரிகிற பஸ் ஸ்டாப்புக்குப் போக, நடுத் தடுப்பைச் சுற்றிக்கொண்டு அண்டர்பாஸ் வரை நடக்க வேண்டிய வீடுகள் நிறைய. கூகுள் மேப்பில் 200 மீட்டர் என்று காட்டும். "ரோட்டைக் கடக்க அண்டர்பாஸ் வரை போக வேண்டும்" என்று எழுதிவிடுங்கள்; காலேஜ் போகிற பெண் பிள்ளை உள்ள வீட்டுக்கு அது பெரிய விஷயம். நல்லவேளை, கிருஷ்ணகிரி நகருக்கு ரயிலே இல்லை. "ரயில் நிலையம் அருகில்" என்கிற ஒரு பொய்யாவது குறைகிறது. தர்மபுரிக்காரர்களுக்கு அந்த வசதி உண்டு, அதனால் அங்கே கிலோமீட்டர் கணக்கில் எழுதுவது நல்லது.

கரண்ட் விஷயத்தில் மூன்று வகை இருக்கிறது: தனி ஈபி மீட்டர், சப் மீட்டர், வாடகையோடு சேர்த்து. வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். அதற்கு மேல் யூனிட் கூடக் கூட விகிதமும் ஏறும். ஒரே மீட்டரில் மூன்று போர்ஷன் ஓடினால் எல்லோருடைய யூனிட்டும் சேர்ந்து மேல் விகிதத்துக்குப் போய்விடும். சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இத்தனை ரூபாய் என்று வாங்குகிறீர்கள் என்றால் அந்தத் தொகையை விளம்பரத்திலேயே போடுங்கள். குடிவந்த இரண்டாம் மாதம் பில்லைப் பார்த்து வருகிற சண்டையில் பாதி இங்கேதான் தொடங்குகிறது.

அட்வான்ஸும் அப்படித்தான். 2017-ல் இயற்றி, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாடு வாடகைச் சட்டம் முன்பணத்துக்குக் குறிப்பிடும் அளவு மூன்று மாத வாடகை. பெங்களூரில் பத்து மாதம் வாங்கிப் பழகிய வழக்கம் ஓசூர் வரை தொற்றியிருக்கிறது. எவ்வளவு கேட்கிறீர்களோ அதை எழுதுங்கள். காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க ஒரு மாத வாடகையைப் பிடிப்பவரானால் அதையும் எழுதுங்கள். இதை முதலிலேயே சொல்பவர் மிகக் குறைவு, கடைசியில் பிடிக்காதவர் அதைவிடக் குறைவு. அதே சட்டப்படி எழுத்துப்பூர்வ ஒப்பந்தமும், அதை வாடகை அதிகாரியிடம் பதிவதும் வேண்டும். விளம்பரத்தில் "அக்ரிமென்ட் போடுவோம்" என்ற ஒரு வரி, கம்பெனியில் வீட்டு வாடகைக்கு ரசீது காட்ட வேண்டியவர்களை இழுக்கும்.

யாருக்குத் தருவீர்கள் என்பது சங்கடமான பகுதி. "குடும்பத்துக்கு மட்டும்" என்று முடிவு செய்திருந்தால் எழுதிவிடுங்கள். பேச்சிலர் பையன் லீவு போட்டு வந்து அவமானப்பட்டுத் திரும்ப வேண்டாம். எத்தனை பேர் வரை என்று எண்ணிக்கை போடுங்கள். இரண்டு ரூமில் எட்டுப் பேர் தங்கி, தொட்டி காலையிலேயே காலியாவதைப் பார்த்துப் பிறகு குமுறுவதைவிட இது மேல். ஆனால் "சைவம் மட்டும்" என்று எழுதிவிட்டு, போனில் "சொந்த ஊர் எதுங்க, என்ன ஆளுங்க?" என்று சுற்றி வளைத்து சாதியை விசாரிப்பது நேர்மையும் இல்லை, நியாயமும் இல்லை. மேலே முட்டை வறுத்தால் கீழே பூஜை அறைக்கு வாசம் வரும் என்பதுதான் உண்மையான காரணமானால் அதையே சொல்லுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். வேறு காரணம் இருந்தால் அதை விளம்பரத்தால் சரி செய்ய முடியாது.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது?

கிருஷ்ணகிரி, தர்மபுரி நகருக்குள், வீட்டுக்காரர் அங்கேயே குடியிருந்து, வாடகை பத்தாயிரத்துக்குள் என்றால் போர்டும் ஒரு தொழில்வாரி வாட்ஸ்அப் குழுவும் போதும். புரோக்கருக்குக் கொடுக்கும் ஒரு மாத வாடகையை வாடகைதாரருக்குக் குறைத்துக் கொடுத்தால்கூட ஆள் நிற்பார். சித்திரையிலிருந்து ஆனி வரை காலியானால் இதைத் தவிர வேறு எதையும் செய்ய மாட்டேன்.

ஓசூரில் அபார்ட்மென்ட், அல்லது எந்த ஊரிலும் பதினைந்தாயிரத்துக்கு மேல் வாடகை என்றால் இணையதளம். தேடுகிறவர் வெளியூர்க்காரர், அவர் தெருவில் நடந்து வந்து போர்டைப் பார்க்கப் போவதில்லை. மேலே சொன்ன நீளமான விளம்பரம் இங்கேதான் முழுப் பலனைத் தரும். காசு கட்டி மேலே காட்டச் சொல்லும் பிளானை முதல் இரண்டு வாரம் தொடாதீர்கள். இலவசமாகப் போட்டதில் படமும் விவரமும் சரியாக இருந்து, அப்போதும் யாரும் வரவில்லை என்றால், பெரும்பாலும் வாடகைதான் அதிகம்.

நீங்கள் வெளியூரில் இருந்தால் புரோக்கர், ஆனால் உங்கள் எழுத்தோடு. நம்பிக்கையான சொந்தக்காரர் சாவியை வைத்துக்கொண்டு காட்டத் தயார் என்றால் புரோக்கரும் வேண்டாம். மெடிக்கல் காலேஜ், சிப்காட் பக்கம் ஷேரிங்கில் தங்குகிறவர்களுக்கு விடுவது என்றால் அந்தந்த இடத்து வாட்ஸ்அப் குழுக்கள்தான் வேகம். அங்கே ஒருவர் காலி செய்வதற்கு முன்பே அடுத்தவரைப் பிடித்துக் கொடுத்துவிடுவார்.

நான்கிலும் ஒரே நேரத்தில் போடலாமா என்றால், போடலாம். ஆனால் நான்கிலும் ஒரே வாடகையும் ஒரே விவரமும் இருக்க வேண்டும். போர்டில் 8,500, புரோக்கர் வாயில் 9,000, இணையதளத்தில் 9,500 என்று இருந்தால், செல்போனை நீட்டி "இதுல வேற மாதிரி இருக்குங்களே?" என்று கேட்பார்கள். அதன்பிறகு நீங்கள் சொல்லும் தண்ணீர்க் கதையையும் நம்ப மாட்டார்கள்.

அட்வான்ஸ் வாங்கிய அன்றைக்கே எல்லா இடத்திலும் எடுத்துவிடுங்கள். தளத்தில் "வாடகைக்குப் போய்விட்டது" என்று மாற்ற ஒரு நிமிடம் ஆகும். குழுவில் பழைய மெசேஜுக்குக் கீழே "போயிடுச்சு, நன்றி" என்று போடுங்கள், புரோக்கரிடமும் சொல்லுங்கள். போர்டைக் கழற்றி மாடிப்படிக்குக் கீழே பத்திரமாக வையுங்கள், நம்பர் அழியாமல் இருந்தால் அடுத்த முறைக்கும் ஆகும்.